அம்மாவுக்கு மட்டும் வந்த அழைப்பிதழ்

தம்பி,

உன் கல்யாண அழைப்பிதழ் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உறையில் உன் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது, அப்பா என் பெயர் இல்லை. நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே விரலை விட்டுத் துழாவினேன், கதவடியில் இன்னொன்று விழுந்து கிடக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அழைப்பிதழில் 'குடும்பத்தினர்' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள். அதற்குள் வீட்டிலுள்ள நாய் பூனைகூட அடங்கிவிடும். நீ அந்தச் சொல்லையும் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன், ஒரு சொல்லைத் தெரியாமல் விட்டிருக்க மாட்டாய். அம்மா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சாமிப்படத்தடியில் வைத்தார். நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, "நான் போறன். என்ர பிள்ளையின்ர கலியாணம். நீங்கள் உங்கட ஊரைக் காவல் காத்துக்கொண்டு வீட்டில இருங்கோ" என்றார். என்னைக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அம்மா என்னோடு அப்படிக் கதைத்ததில்லை. நான் குசினிக்குள் போய்ச் சோற்றுப் பானையைக் கழுவினேன்.

நீ என் தொலைபேசி அழைப்பை எடுத்து ஏழு மாதமாகிறது. உன்னால் இப்போது பேச முடியாது, தகவல் சொல்லுங்கள் என்று சொல்லும் அந்த இங்கிலீசுப் பெண்ணோடு எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது. அவள் ஒருத்திதான் என்னிடம் முகம் சுளிக்காமல் ஒரே மாதிரிப் பேசுகிறாள். அவளிடம் சொல்லி முடியாததை எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. அறுபத்தேழு வயதில் ஒருவனுக்கு வரவேண்டிய பயம் சர்க்கரையும் பிரஷரும்தான். எனக்கு வந்திருப்பது, உன்னை இழந்துவிட்டேன், இனி நீ வரவே மாட்டாய் என்ற பயம். காலையில் பல் தீட்டும்போதே வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை, இன்னும் நிறையப் பேர் வாசிக்கப்போகிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில், நீ நேரில் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையை, நீ பார்க்காத பக்கத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீ ஜெனிற்றாவைக் கல்யாணம் கட்டப்போகிறாய் என்று சொன்னபோது நான் மறுப்புச் சொல்லவில்லை. நல்ல பிள்ளை, பார்மசியில் வேலை, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க் குடும்பம் என்று நீ சொன்னாய். தாய் தகப்பனை மோர்டனில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வா, பேசுவோம் என்றேன். நீ சந்தோஷமாகப் போனாய். நீ போன கையோடு நான் ஹரோவில் இருக்கும் கந்தையா அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவரை உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரைச் சொன்னாலும் எந்த ஒழுங்கையில் எவர் வீடு என்று சொல்லுவார், தன்னுடைய பேரப்பிள்ளைகளின் பெயரைத்தான் மறந்துபோவார். நான் பெண்ணின் தகப்பன் பெயர் மரியதாஸ் என்றேன். ஊரைச் சொன்னேன். பிறகு, எங்கள் ஆட்கள் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "மாதா கோயிலுக்குக் கிழக்கோ, மேற்கோ?" கந்தையா அண்ணை ஒழுங்கை ஒழுங்கையாக வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். பிறகு, "மேற்கு" என்றார். அவ்வளவுதான். படிப்பு, குணம், குடும்பம் ஒன்றையும் நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. அந்த ஒரு திசையில் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களின் பாட்டன் முப்பாட்டன் யாருடைய வளவில் வேலை செய்தார்கள், யாருடைய கிணற்றைத் தொடக்கூடாது என்று இருந்தார்கள் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாய் என்று தெரியும். நான் செய்தது வேறு. சனிக்கிழமை கடைக்குப் போய் ஒரு கட்டுக் கடதாசிக் கப் வாங்கி வந்தேன். அம்மா ஏன் என்று கேட்டார். கழுவுகிற வேலை மிச்சம் என்றேன். வருகிறவர்கள் மூன்று பேர்தானே என்றார் அம்மா. நான் கேட்காதமாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் அவர்கள் வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து வந்தார்கள். மரியதாஸ் கோட்டுப் போட்டிருந்தார். அவருடைய மனைவி கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். "இருங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உட்காரக் கதிரையைக் கையால் காட்டினேன். தேத்தண்ணி வந்தபோது தட்டை அம்மாவிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். பிறந்த நாளிலிருந்து தட்டுத் தூக்காத அப்பா தட்டுத் தூக்குகிறாரே என்று நீ நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டேன். உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் நீலப்பூப் போட்ட கப். அவர்கள் மூன்று பேருக்கும் கடதாசிக் கப். ஜெனிற்றா தன் கப்பைப் பார்த்தாள், உன் கப்பைப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். மரியதாஸ் கப்பை இரண்டு கையாலும் எடுத்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்லி முழுவதையும் குடித்தார். குடித்து முடித்து, கப்பை மெல்ல மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆள் இடம் தெரிந்து நடக்கிறார் என்று தோன்றியது. திருப்தியாகக்கூட இருந்தது.

அவர்கள் போன பிறகு நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கத்தவில்லை. மேலே போய்ப் பையைக் கட்டிக்கொண்டு வந்தாய். மறுநாள் உன் வகுப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் பாடம், தென்மாநிலங்கள் ஏன் பிரிந்து போயின என்பதுதான் தலைப்பு என்று அதற்கு முதல் நாள்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாய். வாசலில் நின்று, "அப்பா, நாளைக்கு நான் வகுப்பில என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்று கேட்டாய். நான் பதிலாக, அவர்கள் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர், எங்களுக்கும் அவர்களுக்கும் சரிவராது, அதுதான் கொஞ்சம் யோசிக்கிறேன் என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு போய்விட்டாய். அந்தப் பொய்யை நான் பிறகு நன்றாக மினுக்கி வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம், சமயம்தான் தடை, வேறொன்றுமில்லை என்றேன். உன் அத்தையின் மகன் ஹரோவில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைக் கட்டினானே, அந்தக் கல்யாணத்தில் மேடையில் ஏறி வாழ்த்திப் பேசியது யார்? நான்தான். அந்தப் பிள்ளையின் குடும்பம் கோயிலுக்குக் கிழக்குப் பக்கம். அதனால் சமயம் ஒரு தடையாகத் தெரியவில்லை. ஏழெட்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ விட்டுப்போன புத்தகங்களில் அந்தப் போரைப் பற்றியதுதான் மிகத் தடித்தது. நீ இல்லாத அறையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, அகராதியும் பக்கத்தில் வைத்து, மூன்று மாதமாக வாசித்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய. முதலில் உன்னோடு வழக்காட ஏதாவது கிடைக்குமா என்றுதான் தொடங்கினேன். அவர்கள் பிரிந்து போகும்போது, அடிமைகளை வைத்திருக்கத்தான் போகிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியே போனார்கள். தோற்ற பிறகுதான் கதை மாறியது. எங்கள் மண், எங்கள் மானம், எங்கள் மாநிலத்தின் உரிமை, அதற்காகத்தான் செத்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், சிலை வைத்தார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நீ பென்சிலால் வகுப்புக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தாய். பின்னால் ஏன் கதையை மாற்றினார்கள் என்று கேட்டிருந்தாய். நான் புத்தகத்தை மூடிவிட்டு உன் கட்டிலில் இருந்தேன். வேதக்காரர் என்று நான் சொன்ன கதையும் அதே கதைதான் என்று எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு இடம். ஒரு அடிமைகூடச் சொந்தமில்லாத ஏழை வெள்ளைக்காரனும் போய் அந்தப் போரில் செத்தானாம். அவனுக்கு என்ன லாபம் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்புத்தான் அவனுடைய சொத்து, அதை விட அவனுக்கு மனமில்லை என்று வாசித்தபோது நான் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருடம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். குடித்துவிட்டு வருகிறவன், குடிக்காமல் வருகிறவன், எத்தனை பேர் என்னை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியாது, நான் வீட்டில் சொல்வதில்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது பஸ்ஸில் இருந்து எனக்குள் நானே சொல்லிக்கொள்வேன்: இவங்களுக்கு என்ன தெரியும், ஊரில் நாங்கள் யார்! அதைச் சொன்னால் மனம் ஆறும். உன் காலுக்குச் சப்பாத்து வாங்கியதும், உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதும் அந்த வேலையில்தான். ஆனால் என்னை உயிரோடு வைத்திருந்தது அந்த அழுக்கு நினைப்பு. அதை விடு என்று நீ சொல்லும்போது, நான் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே தூணைப் பிடுங்குகிறாய் என்று எனக்குக் கோபம் வந்தது. இது நியாயம் என்று சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

உனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது நீ ஒரு நாள் அந்தத் தென்மாநிலங்களின் போரையும் எங்களுடைய போரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதைத்தாய். நான் மேசையில் அடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் அடிமைகளை வைத்திருக்கப் பிரிந்தார்கள், நாங்கள் அடிமைகளாக இருக்க மாட்டோம் என்று பிரியக் கேட்டோம், அதுவும் இதுவும் ஒன்றா என்று சத்தம் போட்டேன். அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். எங்களை எரித்தார்கள், குண்டு போட்டார்கள், எங்கள் சனம் செத்தது, அது உண்மை. லண்டன் தெருக்களில் ஊர்வலத்தில் மழையில் நனைந்து நான் நடந்த நடைக்கு நான் வெட்கப்படவில்லை. நீ அன்றைக்குக் கேட்ட மற்றக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. அந்த 'நாங்கள்' என்பதற்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டாய். அமெரிக்காவில் அந்தப் போர் தொடங்க முன்பே எங்கள் ஊரில் அடிமை முறை சட்டத்தில் முடிந்துவிட்டது என்றும் சொன்னாய். ஒரு துவக்கு வெடிக்காமல், ஒருவருக்கும் நோகாமல், கடதாசியில் முடிந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, எங்கள் வீடுகளுக்குள் அது முடிந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இப்போது உன் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவன் இயக்கத்தில் சேர்ந்ததும், செத்ததும் உனக்குத் தெரியும். வரவேற்பறைப் படத்தில் மாலையோடு பார்த்துத்தான் வளர்ந்தாய். அவனுடைய உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை உனக்குத் தெரியாது. அவனோடு இருந்த நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர் ராசன். ராசனின் தகப்பன் எங்கள் பனைகளில் கள்ளுச் சீவும் தொழில் செய்தவர், அவருக்கு எங்கள் வீட்டில் சிரட்டையில்தான் தண்ணீர். சித்தப்பாவும் ராசனும் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவர்கள், ஒரே பாயில் படுத்தவர்கள். என்னைப் பெற்ற உன் அப்பப்பா படலை வாசலில் நின்றுகொண்டு, மற்ற மூன்று பேரும் உள்ளே வரலாம், ராசன் வரக்கூடாது என்றார். ராசனின் தோளில் துவக்கு இருந்தது. அப்பப்பாவின் கையில் ஒரு சால்வைத் துண்டுதான் இருந்தது. ராசன் நினைத்திருந்தால் ஒரு விரலால் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவர் தான் தூக்கி வந்த பக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஒழுங்கையில் வெயிலுக்குள் நின்றார். செத்தவீடு முடியும்வரை நின்றாராம்.

அப்போது நான் லண்டன் டூட்டிங்கில் ஒரு வாடகை வீட்டில் இன்னும் நாலு பேரோடு இருந்தேன். ஊரில் தொலைபேசி இல்லை. உன் அத்தை கொழும்புக்கு வந்துதான் போன் எடுத்தார். மாடிப்படியடியில் நின்று பேசினேன். தம்பி செத்துவிட்டான் என்றார். ராசனும் மற்றவர்களும் தூக்கி வந்தார்கள் என்றார். என் கூடப்பிறந்தவன் செத்ததைக் கேட்ட அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? "ராசனை உள்ளுக்கு விட்டவையோ?" என்று கேட்டேன். அத்தை, "இல்லை, அப்பா விடேல்லை" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அழுதேன். நான் எவனுக்காகத் தெருத் தெருவாகக் கொடி பிடித்தேனோ அவனைத் தூக்கி வந்தவருக்கு எங்கள் முற்றத்தில் நிற்க இடமில்லை. ராசனும் பிறகு செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கே, எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. மாதா கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று விசாரிக்கத் தெரிந்தவனுக்கு அதை விசாரிக்கத் தெரியவில்லை.

அழைப்பிதழ் வந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை, நான் அம்மாவுக்குச் சொல்லாமல் எட்மண்டனுக்குப் போனேன். லண்டனின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி. ரயில் மாறி, பஸ் ஏறி, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இவ்வளவு தூரமும் மரியதாஸின் மனைவி கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டா வந்தார் என்று பஸ்ஸில் நினைத்தேன். மரியதாஸ்தான் கதவு திறந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்து சீருடையோடு நின்றார். "வாங்கோ, இருங்கோ" என்றார். நான் இருந்தேன். வழி நெடுகப் பாடமாக்கி வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அன்றைக்கு நான் செய்தது பிழை, தெரிந்தே செய்தேன், சமயம் என்று சொன்னது பொய், மன்னிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை மன்னிக்கிறது எனக்கு லேசு. ஊரில இருந்து அந்த வேலைதான் செய்துகொண்டு வாறன்" என்றார். "என்ர மூத்தவனை வன்னிச் சண்டையில குடுத்திட்டன். இவளைக் குண்டு விழேக்க பங்கருக்குள்ள பொத்திப் பொத்தித்தான் காப்பாத்தினனான். அப்ப பங்கருக்குள்ள ஒருத்தரும் எந்தப் பக்கம் எண்டு கேக்கேல்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்தது, மோர்டனில ஒரு வீட்டில குனிஞ்சு இருக்கிறதுக்கோ? அதை நீங்கள் என்னட்டைக் கேக்காதேங்கோ. அவளிட்டைக் கேளுங்கோ."

அவர் எனக்குக் குடிக்க ஒன்றும் தரவில்லை. அவருடைய மனைவி குசினியில் இருந்தார், வெளியே வரவில்லை. ஒரு தேத்தண்ணி தருவார்கள், அதை அவர்கள் முன்னால் கடைசிச் சொட்டுவரை குடித்துக் காட்டலாம் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் குடித்தால் நல்லவனாகி வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எனக்கு அவர்கள் ஒரு வேலை செய்து தர வேண்டியிருந்தது. அவர்கள் செய்யவில்லை. நல்ல காரியம்.

அரை மணி நேரத்தில் ஜெனிற்றா வேலை முடிந்து வந்தாள். என்னைக் கண்டு திகைத்தாள். நான் எழும்பி நின்றேன். பிள்ளை, மன்னித்துக்கொள் என்றேன். அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து முன்னால் இருந்தாள். கோபமில்லாமல், எந்த மருந்தை எத்தனை தரம் குடிக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அங்கிள், அண்டைக்கு அப்பா அந்தக் கப்பை ஏன் பொக்கற்றுக்குள்ள வச்சவர் எண்டு தெரியுமோ? உங்கட குப்பைவாளிக்குள்ள போட்டா, பிறகு அதை எடுத்து எறிய உங்களுக்கு அருவருப்பா இருக்கும் எண்டு. உங்களுக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாது எண்டுதான் வச்சவர். நான் ட்ரெயினில கேட்டனான், அப்பதான் சொன்னவர்."

மரியதாஸ், "விடு பிள்ளை" என்றார். என்னை மன்னிக்க ஏலுமா என்று திரும்பவும் கேட்டேன். "எனக்குத் தெரியேல்லை அங்கிள்" என்றாள். "நீங்கள் எல்லாரிட்டையும் வேதம் எண்டு சொல்லிப்போட்டியள். அதைக் கேட்ட ஆக்கள், சமயம்தான் குறை எண்டு நினைச்சு எங்களை ஐயோ பாவம் எண்டு பாக்கினம். அது இன்னும் மோசம்." அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் அதைச் செய், இதைச் செய் என்று ஒன்றும் கேட்கவில்லை. வாசல்வரை வந்து, எந்த பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். பதினாலு வருடம் அந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன், யார் வீட்டில் செத்தவீடு, யார் வீட்டில் பெண் பெரியபிள்ளையான சாமத்தியவீடு என்று அதில் போட்டவன், இதையும் போடலாம். பொய்யை எத்தனை பேருக்குச் சொன்னேனோ அத்தனை பேரும் உண்மையையும் வாசிக்கட்டும். மரியதாஸ் குடும்பத்தின் பெயரைப் போடலாமா என்று நேற்று அவரிடம் கேட்டேன். போடுங்கோ, நாங்கள் ஒளிக்க ஒன்றுமில்லை என்றார். கந்தையா அண்ணையிடமும் சொன்னேன். "உந்தக் கதையை ஏன் இப்ப கிளறுறாய்? எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். அத்தையிடம், ராசனைப் பற்றியும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். திரும்ப எடுத்தேன், எடுக்கவில்லை. இப்போது என் போனை எடுக்காதவர்கள் இரண்டு பேர். நாளையிலிருந்து கூடும்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. சொல்லாமல் இருக்கவும் தெரியாது. நீ சுத்தமானவன் என்று நினைத்துவிடாதே. நீயும் இந்த வீட்டில் வளர்ந்தவன். உனக்கு ஒன்பது வயதில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பெடியனோடு நல்ல ஒட்டாக இருந்தாய். ஒரு நாள் காரில் வரும்போது, அவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவு தேவையில்லை என்றேன். வேறு என்றால் என்ன என்று கேட்டாய். நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த கிழமை நீ அவனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. ஏன் என்று உனக்கே தெரிந்திருக்காது. அப்படித்தான் அது இறங்குகிறது, சத்தமில்லாமல். நீ ஜெனிற்றாவோடு என்றைக்காவது சண்டை பிடிப்பாய், எல்லாரும் பிடிப்பார்கள்தான். அந்த நேரத்தில் உன் வாய்க்குள் என்னுடைய சொல் ஏதாவது வந்து நின்றால் விழுங்கிவிடு. அதை அவள் ஒரு தரம் கேட்டால் போதும், பிறகு எத்தனை மன்னிப்புக் கேட்டும் பிரயோசனமில்லை. எனக்கு அது இப்போது நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். கூப்பிடாத இடத்துக்கு வந்து நின்று உங்களை இரங்க வைப்பதும் ஒரு அதிகாரம்தான், அதைச் செய்ய மாட்டேன். அம்மாவின் ஊதாச் சேலையை நான் அயர்ன் பண்ணி வைத்திருக்கிறேன். டாக்சிக்கும் சொல்லியாகிவிட்டது. அன்று முழுவதும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து மணிக்குச் சேர்ச்சில் கல்யாணப் பூசை என்று அழைப்பிதழில் இருக்கிறது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதையும் மறைத்தால் இவ்வளவு எழுதியதில் அர்த்தமில்லை. இது என்னை விட்டுப் போகவில்லை. நான் வாசித்தேன், அழுதேன், மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் நேற்றுக் கோயிலில் புதிதாக ஒருவரைக் கண்டு பேசியபோது, எந்த ஊர் என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்க முன்பே என் மூளை எந்தப் பக்கம் என்று தேடத் தொடங்கிவிட்டது. நாய் மோப்பம் பிடிக்கிறமாதிரி. நான் கேட்கவில்லை, ஆனால் தேடினேன். சாகும்வரை தேடிக்கொண்டிருப்பேனோ என்று பயமாயிருக்கிறது. உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன், கெஞ்சிக் கேட்கிறேன், ஒரே ஒரு தரம். ஆனால் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு நீ அறைக்கு வெளியே போய்விடாதே. பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார். அந்தப் பிள்ளையின் மூக்கையும் நிறத்தையும் பார்த்து, இது எந்தப் பக்கம் என்று நான் தேடுகிறேனா என்று பார். எனக்கே தெரியாமல் நான் அதைச் செய்யக்கூடியவன். ஒரு நொடி அப்படித் தெரிந்தாலும், காரணம் சொல்லாமல், பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடு. நான் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே.

அப்பா